பொலி

தேயிலை மலையில் நிரை பிடித்து நிற்கும் பெண்கள் முதல் கொழுந்தைக் கிள்ளுவதற்கு முன் ஒரு சொல் எழும்: பொலி. கங்காணி குரல் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து சொல்வதும் உண்டு. மூத்தவள் ஒருத்தி செடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தனக்குள் சொல்லிக்கொள்வதும் உண்டு. மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக வழங்கி வந்த இந்தச் சொல், தேயிலையைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஊர்களிலிருந்து வந்தது. பொலிதல் என்றால் பெருகுதல், செழித்தல். களத்துமேட்டில் தூற்றிக் குவித்த நெல்லுக்கே பொலி என்றுதான் பெயர். அதை அளக்கத் தொடங்கும்போது பொலி பொலி என்று கூவுவார்கள். முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று எண்ணுவார்கள். திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூட்டிவரப்பட்டவர்கள் கட்டிக்கொண்டு வந்த மூட்டை சிறியது. இந்தச் சொல் அதற்குள் இருந்தது. ஆனால் இடம் மாறியபோது ஒன்று தலைகீழாகிவிட்டது. ஊர்க்களத்தில் பொலி கூவியவருக்கு, அவர் எவ்வளவு ஏழைக் கூலியாக இருந்தாலும், அந்தக் குவியலிலிருந்து சில படி நெல் கிடைத்தது. தேயிலை மலையில் கூடைக்குள் விழும் இலையில் ஒரு பிடிகூட அவருடையது அன்று. அடுத்தவர் விளைச்சல் பெருகட்டும் என்று அந்த மக்கள் ஏன் நாள் தவறாமல் வாழ்த்தினார்கள்? இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களின் கடந்த காலத்தை இந்தக் கேள்வியோடு அணுகினால், நன்றியறிதல் மனிதருக்கு என்ன செய்கிறது, எந்த இடத்தில் அது கெட்டுப்போகிறது என்ற இரண்டுமே தெளிவாகும்.

இந்தக் கேள்விக்கு இன்று புதிய அவசரம் உண்டு. தினமும் நன்றி சொல்லப் பழகுங்கள், மனம் தெளியும், வேலையில் ஊக்கம் கூடும் என்று அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். இரவில் படுக்குமுன் மூன்று நல்ல விடயங்களை எழுதிவைக்கச் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். ஆனால் சில வாரப் பரிசோதனைகள் காட்டாத ஒன்றை, ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீண்ட தோட்ட வாழ்க்கை காட்டுகிறது. நன்றியறிதல் மனிதரை நிமிர்த்தும். யாருக்கு, எதற்கு என்று அறிவது அவர் கையில் இருக்கும்வரை. மேலே இருப்பவர் அதைக் கேட்டு வாங்கத் தொடங்கும்போது அது கடனாகிவிடுகிறது. இந்த இரு மாவட்டங்களும் சேர்ந்த சப்ரகமுவவின் தோட்டங்களில் இந்த இரண்டும் ஒரே லயத்து வரிசை வீட்டில், ஒரே மனிதருக்குள், பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் நன்றி என்பது ஆதியில் ஓர் உணர்ச்சியின் பெயர் அன்று. ஒருவர் செய்த நன்மையின் பெயர். அதனால்தான் திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றியறிதல் என்று பெயர்: செய்யப்பட்ட நன்மையை அறிதல். அறிதல் என்ற சொல்லுக்கு எடை உண்டு. யார் செய்தார், எப்போது செய்தார், எவ்வளவு செய்தார் என்று கணக்குத் தெரிந்தால்தான் அது அறிதல். வாய் உபசாரமாக நன்றி என்று சொல்வது அண்மைக்கால மேடைப் பழக்கமும் எழுத்துப் பழக்கமும்தான். தோட்டத்து மூத்தவர்கள் தண்ணீர் கொடுத்தவரிடம் நன்றி என்று சொல்வதில்லை. நல்லாயிருப்பா, மவராசியா இரு என்பார்கள். உதவி கேட்கும்போது புண்ணியமாப் போகும் என்பார்கள். அக்கம்பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலும் ஏறத்தாழ இதுவே வழக்கு. பொஹொம பின் என்று அவர்கள் சொல்வது, மிகுந்த புண்ணியம் உனக்கு என்பதுதான். இரு மொழியிலும் நன்மை செய்தவருக்குத் திருப்பித் தரப்படுவது வாழ்த்து. பொலி என்பதும் அதே இலக்கணத்தில் அமைந்த சொல். பெற்றதற்கு நன்றியும் இனிப் பெறப்போவதற்கு வாழ்த்தும் ஒரே மூச்சில் அதற்குள் நிற்கின்றன.

சப்ரகமுவ மண்ணுக்கும் இந்தப் பழக்கம் அந்நியமானதல்ல. இங்குள்ள சிங்கள விவசாயிகள் களத்துமேட்டில் நிற்கும்போது அன்றாடச் சொற்களை ஒதுக்கிவிட்டுத் தனிப் பேச்சொன்றைப் பேசினார்கள். புத்தரிசியை முதலில் விகாரைக்கும் தேவாலயத்துக்கும் கொண்டுபோனார்கள். இரத்தினபுரியில் மாணிக்கக் குழி வெட்டுபவர்கள் சமன் தெய்வத்தை வணங்காமல் மண்வெட்டியை எடுப்பதில்லை. சமனின் பெரிய தேவாலயம் அந்த நகரத்தருகே இருக்கிறது, அவருடைய மலையான சிவனொளிபாதம் அந்த மாவட்டத்தின் எல்லையிலேயே நிற்கிறது. மண்ணிலிருந்து எதையும் எடுப்பதற்கு முன் அனுமதி கேட்பதும் எடுத்தபின் அறிந்துகொள்வதும் இப்பகுதியின் பொது ஒழுக்கம். கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலத்திலும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் பெருகிய காலத்திலும் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டை, புளத்கொஹுபிட்டிய, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பக்கங்களில் வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர், நுவரெலியாவில் போலப் பெருந்திரளாக வாழவில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு தீவுகளாகச் சிதறினார்கள். 1912இல் களனிவெளி ரயில் இரத்தினபுரியை எட்டியபோதும், ஒரு தோட்டத்து லயத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக் கோயிலுக்குப் போவதென்றால் மலையேறித்தான் போகவேண்டும். இப்படித் தனித்துக் கிடந்ததால் இங்கே அன்றாட வழக்கங்களுக்கு மற்ற இடங்களைவிடக் கூடுதல் பொறுப்பு இருந்தது என்பது என் எண்ணம். ஊர், உறவு, திருவிழாக் கூட்டம் ஆகியவை தரும் தெம்பில் பெரும்பகுதியை ஒரு சொல்லும் ஒரு சூடக் கட்டியும் தர வேண்டியிருந்தது.

விடியுமுன் தப்பு முழங்கும். அதுதான் தோட்டத்தின் கடிகாரம். பிறகு பெரட்டுக் களம். அங்கே கணக்கப்பிள்ளை ஆள் எண்ணி, யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுவார். பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேர் போய்விடும். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். இந்த வரிசையில் தொழிலாளிக்கென்று ஒதுக்கிய கணம் எதுவும் இல்லை. மலைக்குப் போனபின், அங்கே மரத்தடியில் நட்டுவைத்த கல்லின் முன், அவர்களே அதை உண்டாக்கிக்கொண்டார்கள். மாரியம்மனும் முனியாண்டியும் மதுரைவீரனும் ஊரிலிருந்து கூட வந்த தெய்வங்கள். ஆனால் தோட்டத்து மக்கள் அதோடு நிற்கவில்லை. வேலையிலிருந்தே புதிய தெய்வங்களைப் பிறப்பித்தார்கள். கவ்வாத்துச் சாமி என்று ஒரு சாமி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் பருவம் தொடங்குமுன் கத்திகளை வைத்து அதற்குப் படைப்பார்கள். கொழுந்துச் சாமி என்று ஒன்று. ஆலையில் ரோதை முனி. ரோதை என்பது தேயிலை ஆலையை ஒருகாலத்தில் சுழற்றிய பெரிய சக்கரம். அவர்கள் விட்டுவந்த கிராமங்களில் இந்தச் சாமிகள் இல்லை. இதை வெறும் நாட்டார் வழக்காற்றுச் செய்தியாகக் கடந்துவிடக்கூடாது. கூலிக்குச் செய்யும் வேலை, அதுவும் வேறு யாருக்கோ லாபம் தரும் வேலை, வணக்கத்துக்கு உரியது என்று ஒரு சமூகம் தானாக முடிவு செய்திருக்கிறது. துரையோ கம்பனியோ இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. செடி கையைக் கிழிக்கும், சக்கரம் விரலை எடுக்கும், மலை வழுக்கும். ஆனாலும் அன்றைய சோறு அந்தச் செடியிலிருந்தும் சக்கரத்திலிருந்தும்தான் வந்தது. அதை அவர்கள் அறிந்தார்கள்.

இறப்பர்த் தோட்டங்களில் வேலையின் தாளம் வேறு. பால் வெட்டுபவர் விடியற்குளிரிலேயே மரத்தடிக்குப் போகவேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடுவது குறைந்துவிடும். மரத்துக்கு மரம் நடந்து, பட்டையில் தடித்துப்போன ஒட்டுப்பாலை உரித்து, உள்மரத்தைக் காயப்படுத்தாமல் மெல்லிய சீவல் எடுத்து, சிரட்டையைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரம். இப்படி ஒரு காலையில் ஏறத்தாழ 300 மரங்கள். கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரத்தின் பட்டை கெட்டு, பல ஆண்டு விளைச்சல் போய்விடும். மழை பெய்தால் வெட்டே இல்லை. தென்மேற்குப் பருவமழையை முழுதாக வாங்கும் சப்ரகமுவவில் பேரில்லாத நாட்கள் ஏராளம். ஆகவே இங்கே நல்ல விடியல் என்பதே ஒரு வரவு. ஆயுத பூசையன்று பால் கத்திக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் ஆலை இயந்திரத்துக்கும் சந்தனமும் பூவும் வைப்பதை ஆண்டுக்கொரு முறை வரும் சடங்கு என்று மட்டும் பார்த்தால் அதன் வேர் தெரியாது. தினமும் அந்தக் கத்தியோடு மரத்திடம் பொறுமையாக நடந்துகொண்டவரின் ஆண்டுக் கணக்கு அது.

இது வேலையையும் மனத்தையும் எப்படித் தாங்கியிருக்கும்? 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு வழிவகுத்த ஒன்று. மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவினரை நன்றிக்குரியவற்றையும், ஒரு குழுவினரை எரிச்சலூட்டியவற்றையும், மூன்றாவது குழுவினரைப் பொதுவான நிகழ்வுகளையும் வாரம் ஒருமுறையாகப் பத்து வாரம் எழுதவைத்தார்கள். முதற்குழுவினர் தங்கள் வாழ்வைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள், வரும் வாரத்தைக் குறித்துக் கூடுதல் நம்பிக்கை கொண்டிருந்தார்கள், உடல் உபாதைகளையும் குறைவாகச் சொன்னார்கள். தசை நரம்பு நோயால் துன்பப்பட்ட பெரியவர்களை மூன்று வாரம் தினமும் எழுதவைத்த இன்னொரு பகுதியில் தூக்கமும் மேம்பட்டது. அதன்பின் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பலன் உண்டு, ஆனால் அளவில் சிறியது என்றே முடிவு சொல்கிறார்கள். மனச்சோர்வுக்கு அதை மருந்தாகக் கொள்ள முடியாது. இந்த நிதானம் எனக்குச் சரியாகப் படுகிறது. பொலி என்ற சொல் எந்தத் தொழிலாளியின் பசியையும் ஆற்றியதில்லை. ஆனால் அது செய்த ஒன்று உண்டு. பெரட்டுக் களத்தில் ஓர் எண்ணாக நின்றவர், மலையில் நிரையின் முன் அந்தச் சொல்லைச் சொல்லும் கணத்தில், வாழ்த்துகிற இடத்துக்கு உயர்ந்துவிடுகிறார். வாழ்த்தத் தன்னிடம் ஏதோ இருப்பவர்தான் வாழ்த்தமுடியும். நாட்குறிப்பில் தனியாக எழுதும் நன்றியைவிடத் தோட்டத்து வழக்கம் மூன்று வகையில் வலுவானது என்று நினைக்கிறேன். அது வாய்விட்டுச் சொல்லப்பட்டது, கூட்டாகச் சொல்லப்பட்டது, எல்லாவற்றுக்கும் பொதுவாக அல்லாமல் கண்முன் இருந்த இந்தச் செடிக்கு, இந்தக் கத்திக்கு என்று சொல்லப்பட்டது.

இதை நன்றி என்று சொல்லலாமா, இது பயம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. முனிக்குச் சாராயமும் சுருட்டும் வைப்பது அடி விழாமல் இருக்கத்தான். ரோதையில் கை போகாமல் இருக்கத்தான் கோழி அறுப்பு. இதில் உண்மை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் ஆபத்தான வேலையில் பயத்தையும் நன்றியையும் கத்தி வைத்துப் பிரித்துவிட முடியாது. பாம்பும் குளவியும் அட்டையும் உள்ள காட்டில் காலையில் கும்பிடுவது பயம் என்றால், மாலையில் கூடையை இறக்கிவைத்துவிட்டு அதே கல்லைத் திரும்பிப் பார்ப்பது வேறொன்று. இன்று ஒன்றும் ஆகவில்லை என்று அறிவது, வரவை அறிவதில் சேர்த்திதான். பாதுகாப்பான அறையில் வாழ்பவர்கள் அந்த வரவைக் கணக்கில் எழுதுவதில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று. நன்றியுள்ள தொழிலாளியைத்தானே முதலாளிக்குப் பிடிக்கும்? தோட்டக் கோயிலுக்கு இடம் ஒதுக்கியது நிர்வாகம். கோயில் சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்ததும் நிர்வாகம். திருவிழாவில் துரைக்குத்தான் முதல் மாலை, முதல் மரியாதை. சாமி கும்பிடும் தொழிலாளி சங்கம் கட்டமாட்டான் என்ற கணக்கு அதில் இருந்தது. இந்த ஆட்சேபத்தை அப்படியே ஏற்க வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் செடிக்கும் கல்லுக்கும் தரப்பட்ட நன்றியோடு கூடவே, மேலே இருந்து கேட்டு வாங்கப்பட்ட நன்றி ஒன்றும் இருந்தது. அதற்கு உப்பு என்று பெயர். உப்பைத் தின்றவன் நன்றி மறக்கலாமா என்று கங்காணி கேட்பார். ஊரில் பஞ்சத்தில் கிடந்த உன்னைக் கூட்டிவந்தேன், முன்பணம் கொடுத்தேன், கப்பல் செலவு கொடுத்தேன், அரிசி கொடுத்தேன். அவர் சொன்னது எல்லாமே ஏட்டில் கடனாக எழுதப்பட்டிருந்தது. அந்தக் கடனுக்குத் துண்டு என்று ஒரு சீட்டு. தொழிலாளி இன்ன தொகை கொடுக்கவேண்டும், அதைக் கட்டுபவர் அவரை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். ஆள் கை மாறும்போது கடனும் கூடவே மாறும், பெரும்பாலும் வளர்ந்துகொண்டே. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் துண்டு கற்றுக்கொடுத்த பேச்சு, துரைதான் தாய் தகப்பன், நாம் பட்ட கடன் தீராதது என்ற பேச்சு, அதற்குப் பிறகும் பல காலம் வாழ்ந்தது.

இங்கேதான் தமிழின் பழைய சொல் நமக்கு உதவுகிறது. செய்ந்நன்றியறிதல் என்றால் செய்த நன்மையை அறிதல். செய்யாத நன்மைக்கு அதில் இடமில்லை. கூலிக்கு விலைபேசிவிட்டுக் கூலியையும் கடனில் பிடித்துக்கொள்பவர் செய்தது நன்மை இல்லை. அங்கே அறிய வேண்டியது வேறு. கங்காணி கேட்ட நன்றி, அறியாமையின் மேல் எழுப்பப்பட்டது. ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாதவரிடம்தான் அதைக் கேட்க முடியும். பொலி சொன்ன நன்றியோ, அறிவின் மேல் எழுந்தது. இந்தச் செடி எப்போது துளிர்க்கும், எந்த இலை முற்றியது, எந்த மலையில் மண் இளகியிருக்கிறது என்று அந்தத் தோட்டத்தில் எவரையும்விட நன்றாகத் தெரிந்தவர்கள் சொன்ன நன்றி அது. ஒன்று மற்றொன்றை வளர்த்தது என்று சொல்ல எனக்குச் சான்று கிடைக்கவில்லை. எதிர்ச்சான்று கிடைக்கிறது, அதுவும் சப்ரகமுவவிலிருந்தே.

புளத்கொஹுபிட்டியப் பக்கத்தில் நேவ்ஸ்மயர் என்று ஒரு தோட்டம். தமிழர் வாயில் உருளவள்ளி. 1940களின் நடுவில் அரசு அதை எடுத்துக் காணியற்ற கிராமத்தவர்களுக்குப் பங்கிட முடிவு செய்தது. கிராமத்தவர்களின் காணிப் பசி பொய்யன்று. அவர்களுடைய நிலங்களைக் காலனி ஆட்சி தோட்டங்களுக்காக விழுங்கியது வரலாறு. ஆனால் பங்கீட்டுக் கணக்கில் அந்தத் தோட்டத்தில் வாழ்ந்து உழைத்த தமிழ்க் குடும்பங்கள் எங்குமே இல்லை. வெளியேறு என்று மட்டும் சொல்லப்பட்டது. அவர்கள் வெளியேற மறுத்தார்கள். அத்துமீறிக் குடியிருந்ததாக வழக்கு வந்தது. இலங்கை இந்தியர் காங்கிரசின் தலைமையில் 1946இல் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. எந்தச் சட்டப் பத்திரமும் கையில் இல்லாத மக்கள் எதை வைத்து மறுத்தார்கள்? நாங்கள் நட்டோம், நாங்கள் வெட்டினோம், எங்கள் ஆட்களை இங்கேதான் புதைத்திருக்கிறோம், எங்கள் சாமி இங்கேதான் நிற்கிறது. தினமும் ஒரு மண்ணை வாழ்த்தி வேலை தொடங்குபவருக்கு அந்த மண்ணோடு ஓர் உறவு உண்டாகிறது. அந்த உறவு உரிமைப் பேச்சாக மாற நெடுநேரம் தேவைப்படாது. அடங்கிப்போகும் மனத்தை அந்த வழக்கம் உண்டாக்கியிருந்தால் உருளவள்ளி நடந்திருக்காது.

மனிதர்களுக்குக் காட்டிய நன்றி இதைவிடச் சிக்கலானது. 1934–35இல் கேகாலை மாவட்டத்தை மலேரியா சூறையாடியது. அந்த நாட்களில் மருந்தும் பருப்பும் கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய இளைஞர்களில் ஒருவர் கலாநிதி என். எம். பெரேரா, பருப்பு மாத்தயா என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது; 1936இல் அவர் றுவான்வெல்லைத் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். மக்கள் செய்ந்நன்றி அறிந்தார்கள், முறையாகவே அறிந்தார்கள். 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை அவருடைய கட்சி எதிர்த்தும் நின்றது. ஆனால் 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அந்த மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தபோது, அதே பெரேரா சிறிமா அரசின் நிதி அமைச்சர். எட்டியாந்தோட்டை மலைகளிலிருந்தும் பலாங்கொடை மலைகளிலிருந்தும் குடும்பங்கள் பாதியாகப் பிரிந்து தலைமன்னாருக்கு ரயில் ஏறின. பருப்புத் தந்த கையை மறக்கவேண்டியதில்லை; அந்த ஒரு நன்மையை வைத்து மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடவும் வேண்டியதில்லை. நன்மையை அறிபவருக்கு அதன் எல்லையும் தெரிந்திருக்கவேண்டும். தொழிற்சங்கத் தலைவர்களையும் அரசியல்வாதிகளையும் பரம்பரைக் கடனாளியின் மனத்தோடு நோக்கும் வழக்கம் மலையகத்தில் இன்னும் தேயவில்லை என்பது என் கவலை. துண்டுச்சீட்டின் நிழல் அதில் விழுந்திருக்கிறது.

பெண்களின் பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்வது இன்னும் கடினம். கொழுந்து எடுப்பவர்களில் மிகப்பெரும்பாலோர் பெண்கள். விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பரா என்ற குழந்தைக் காப்பகத்தில் விட்டு, மலையேறி, மாலையில் இறங்கி மீண்டும் அடுப்படி. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வந்ததே 1984இல்தான். அதற்குப் பின்னும் அவள் உழைத்த பேரை வீட்டு ஆண் போய் வாங்குவது பல தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. செடியை வாழ்த்துபவள் அவள். அவளை வாழ்த்துவது யார்? நன்றி அறியப் பழகு என்று அவளுக்குப் போதிப்பதற்கு யாருக்கும் அருகதை கிடையாது. நன்றியறிதல் இல்லாமையால் நேர்ந்த குறை அவளிடத்தில் இல்லை. அவளைச் சுற்றி இருக்கிறது. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. அரநாயக்கவில் கிராமங்கள் புதைந்தன. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுப்பஹனத் தோட்டத்தில் மண் லயத்தின் மேல் இறங்கித் தொழிலாளர் குடும்பங்களை மூடியது. மலையை வாழ்த்தி வாழ்ந்தவர்களை மலையே கொன்றது என்று யாராவது சொன்னால் அதைச் சரியென்று கொள்ளமுடியாது. மலை எதையும் வாக்களிக்கவில்லை. லயத்தை அந்தச் சரிவில் கட்டியதும், நூறாண்டு கழிந்தபின்னும் மக்களை அங்கேயே குடியிருக்கவிட்டதும் மனிதர் முடிவுகள்.

ஆகவே நன்றியறிதல் வேலை வாழ்க்கையை மேம்படுத்துமா என்று தோட்டத்தைப் பற்றிக் கேட்பவர், அந்தக் கேள்வியைத் தொழிலாளியிடம் கேட்பதற்கு முன் மேலே கேட்கவேண்டும். 2010இல் வெளியான ஓர் ஆய்வில் ஆடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜினோ என்ற இருவர், ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை திரட்டும் ஊழியர்களைக் கவனித்தார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும் இயக்குநர் நேரில் வந்து, உங்கள் உழைப்புக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம் என்று சொன்னார். அடுத்த வாரம் அந்தப் பிரிவினர் செய்த அழைப்புகள் 50 விழுக்காட்டுக்கு மேல் கூடின. தங்கள் உழைப்பை ஒருவர் மதிக்கிறார் என்று அவர்கள் உணர்ந்ததே காரணம் என ஆய்வு காட்டியது. தோட்டத்தில் இந்தத் திசையில் ஓடிய நன்றி மிகக் குறைவு. செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பேருக்கு ஒரு பத்தி, கிலோவுக்கு ஒரு பத்தி, பிடித்தங்களுக்குப் பல பத்திகள் இருந்தன. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். காலையில் செடியிடம் பொலி சொன்னவள் மாலையில் தராசடியில் கேட்பது அந்தக் கழிவைத்தான். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2021 மார்ச்சில் வர்த்தமானி வழியாகத்தான் வந்தது. கம்பனிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. அந்த ஆண்டுகளில், தொழிலாளியின் மனப்பான்மை மாறவேண்டும், உற்பத்தித்திறன் கூடவேண்டும் என்ற பேச்சுக்குக் குறைவில்லை. மதிப்பைக் கூலியிலும் தராசிலும் வீட்டிலும் காட்டாமல் வாய்ச்சொல்லில் மட்டும் காட்டினாலும் பலன் இராது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நன்றி என்ற சொல் நன்மையைக் குறிக்கிறது, நன்மை நடந்தாகவேண்டும்.

2023இல், முதல் தொழிலாளர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகொள்ள, முன்னோர் காடு கடந்து நடந்த பாதையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை இறுதியில் புறப்பட்டு ஆகஸ்ட் நடுவில் முடிந்தது. மாண்புமிகு மலையக மக்கள் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். காணி, வீடு, நியாயமான சம்பளம் ஆகியவற்றோடு நாட்டின் முன் அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, எங்கள் வரலாற்றையும் உழைப்பையும் பங்களிப்பையும் அங்கீகரியுங்கள் என்பது. இந்த நாட்டின் தேயிலையையும் இறப்பரையும் சுமந்து இறக்கியவர்கள் இரக்கத்தையோ சலுகையையோ கேட்டு நடக்கவில்லை. பாதையோரத்தில் பல ஊர்களில் சிங்களவரும் முஸ்லிம்களும் வடபுலத் தமிழரும் தண்ணீரோடும் சோற்றோடும் காத்து நின்றார்கள்.